நம்ம ஊர்ப் பள்ளமும் ஆறும்: வெள்ள அபாய வரைபடம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கம் வெள்ள வரைபடம் போடுகிற வேலையில் இருப்பதால் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. சிவில் படிக்கிற பிள்ளைகள், வார்டு கவுன்சிலர்கள், மனை வாங்கப் போகிறவர்கள், குளத்தைக் காப்பாற்ற அலைகிற தன்னார்வலர்கள் என்று கேட்பவர்கள்தான் வேறு வேறு. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்களுக்கு வேண்டியதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ள அபாய வரைபடம் என்றால், போன தடவை தண்ணீர் வந்த இடத்தைக் குறித்த படம்தானே?

இல்லை. அது வெள்ளப் பதிவு. தண்ணீர் எப்படி ஓடும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்க்கிற மாடலுக்கு அது ரொம்ப முக்கியம், ஆனால் அதோடு முடிவதில்லை. அபாய வரைபடம் சொல்ல வேண்டியது, இன்ன அளவு மழை பெய்தால் அல்லது ஆற்றில் இன்ன அளவு தண்ணீர் வந்தால் எந்தத் தெருவில் எவ்வளவு ஆழம் நிற்கும், எவ்வளவு வேகத்தில் ஓடும், எத்தனை மணி நேரத்தில் வடியும் என்பது. இதுவரைக்கும் தண்ணீரின் கதை. அதற்கு மேல் அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள், என்ன இருக்கிறது என்று சேர்த்தால்தான் அது அபாயம். யாரும் இல்லாத வாழைத் தோட்டத்தில் நான்கு அடி தண்ணீர் நிற்பதும், திருப்பூரில் பள்ளத்தை (இந்தப் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம்) ஒட்டிய லைன் வீட்டில் நான்கு அடி நிற்பதும் ஒன்றல்ல. பவானி, குமாரபாளையம் பக்கம் தரையில் குழி வெட்டிக் குழித்தறி போட்டிருக்கிற வீடு என்றால் அரை அடித் தண்ணீரே போதும், குழி நிரம்பி பாவு நனைந்து வேலை நின்றுவிடும். அதே அரை அடி, பக்கத்தில் படி வைத்துக் கட்டிய வீட்டு வாசலைக்கூடத் தாண்டாது.

கோயமுத்தூரில் பெய்கிற மழைக்கு இதெல்லாம் தேவையா?

கோவையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600, 700 மில்லிமீட்டர்தான் பெய்கிறது, சென்னையில் பெய்வதில் பாதி. ஆனால் வெள்ளம் ஆண்டுக் கணக்கைப் பார்த்து வருவதில்லை, ஒரு மணி நேரக் கணக்கைப் பார்த்து வருகிறது. அக்டோபர் சாயங்காலம் இடியோடு ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் போதும். 2011 நவம்பரில் திருப்பூரில் ஜம்மனை ஓடை ராத்திரியில் பெருக்கெடுத்து உயிர்ச்சேதம் ஆனது இப்படித்தான். வறண்ட ஊர்களுக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. பல வருஷம் பள்ளத்தில் தண்ணீரே ஓடாததால் அது பள்ளம் என்பதே மறந்து, கரையில் இருந்த வீடு மெதுவாக உள்ளே இறங்கிவிடும்.

காவிரி வெள்ளமும் நொய்யல் வெள்ளமும் ஒரே மாதிரி மாடல் போடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

காவிரிக் கரை ஊர்களுக்கு, அதாவது பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், ஈரோடு கருங்கல்பாளையம், கொடுமுடி போன்றவற்றுக்கு, வெள்ளம் கர்நாடகத்தில் பெய்த மழையால் வருகிறது. நம் ஊரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும், ஆறு கரை தொட்டு ஓடும். மேட்டூர் அணை நிறைந்தால் 16 கண் மதகு திறக்கிறார்கள், அந்தத் தண்ணீர் சில மணி நேரத்தில் கீழே வருகிறது. முன்னெச்சரிக்கை கிடைக்கும், மெதுவாக ஏறும், நாள் கணக்கில் நிற்கும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூரிலிருந்து வினாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்கு வந்தபோது குமாரபாளையம் இந்திரா நகர், மணிமேகலை தெரு, பவானி கந்தன் பட்டறை என்று ஒவ்வொரு முறையும் பெயர் அடிபடுவது அதே தெருக்கள்தான். இதற்கு அணையிலிருந்து எவ்வளவு விடுகிறார்கள் என்பதை உள்ளீடாகக் கொடுத்து ஆற்றின் குறுக்குவெட்டுகளை வைத்து மாடல் போடலாம். வழியில் உள்ள கதவணைகளையும் மறக்கக் கூடாது. வெள்ளத்தில் கதவுகளைத் திறந்துவிடுவார்கள் என்றாலும் தூண்களும் அடித்தளமும் ஆற்றின் குறுக்கே அப்படியேதான் இருக்கும்.

ஊருக்குள் ஓடுகிற பள்ளங்களின் கதை நேர் எதிர். கோவையில் சங்கனூர்ப் பள்ளம், திருப்பூரில் ஜம்மனை ஓடை, ஈரோட்டில் பெரும்பள்ளம் ஓடை, பிச்சைக்காரன் பள்ளம் எல்லாவற்றிலும் மழை உள்ளூரில் பெய்கிறது, தண்ணீர் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது, விடிவதற்குள் வடிந்தும் விடுகிறது. அணை இல்லை, எச்சரிக்கை இல்லை, அளவீட்டு நிலையமும் இல்லை. இதற்கு மழையிலிருந்து தொடங்க வேண்டும்.

நொய்யல் இரண்டும் கலந்தது. வெள்ளியங்கிரி மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, கோவையில் தூறலோடு நின்றாலும், சித்திரைச்சாவடி வழியாக ஆற்றில் தண்ணீர் வரும். அக்டோபர், நவம்பரில் ஊர் மழையே ஆற்றை நிரப்பும். ஆக நொய்யலுக்கு இரண்டு பருவத்துக்கும் தனித்தனியாக ஓட்டிப் பார்க்காமல் ஒரு படத்தைக் கொடுத்தால் அது பாதிப் படம்தான்.

‘வினாடிக்கு 2 லட்சம் கன அடி’ என்று செய்தியில் சொல்கிறார்கள். அதை வைத்து என் வீட்டுக்குத் தண்ணீர் வருமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அந்த எண்ணின் கனம் தெரிய வேண்டும். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி. அப்படியானால் 2 லட்சம் கன அடி என்பது ஒரு நாளைக்கு 17 டிஎம்சி. பவானிசாகர் மொத்தக் கொள்ளளவே 32.8 டிஎம்சி, இரண்டு நாளில் நிரம்பிவிடும். மேட்டூரின் 93.47 டிஎம்சிகூட ஐந்தரை நாளுக்குத்தான். அணை நிறைந்த பிறகு வருவதை அப்படியே விடுவதைத் தவிர வேறு வழியில்லை என்பது இந்தக் கணக்கிலேயே புரியும்.

அப்புறம், கன அடி உங்கள் வீட்டுக்கு வராது, மட்டம்தான் வரும். கன அடியை மட்டமாக மாற்ற ஒரு வளைகோடு வேண்டும். இவ்வளவு ஓட்டத்துக்கு இந்த இடத்தில் இவ்வளவு உயரம் என்று அளந்து அளந்து போட்டது. காவிரியில் ஊராட்சிக்கோட்டை, கொடுமுடி, பவானியில் சவண்டப்பூர், அமராவதியில் நல்லமரம்பட்டி, நொய்யலில் எழுநூத்திமங்கலம் ஆகிய இடங்களில் மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையங்கள் இருக்கின்றன. இவற்றுக்கு நடுவே இருக்கிற தெருக்களுக்கு மாடல்தான் இடைவெளியை நிரப்பும். உங்கள் வீட்டு வாசற்படி கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர், இன்ன ஓட்டத்துக்கு அந்த இடத்தில் ஆற்று மட்டம் எத்தனை மீட்டர் என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பதில் கிடைத்துவிடும்.

பவானி கூடுதுறையில் மட்டும் இது சிக்கல். காவிரி ஏறி நிற்கும்போது பவானி ஆற்றுத் தண்ணீர் உள்ளே போக முடியாமல் எதிர்த்துக்கொண்டு பின்னால் ஏறும். பவானியில் ஓட்டம் குறைவாக இருந்தாலும் மட்டம் ஏறும். அங்கே ஒரே ஆற்றின் எண்ணை வைத்துக் கணக்குப் போடவே கூடாது.

உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறதா? அது போதுமா?

கிடைக்கிறது. 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம், நம் இஸ்ரோவின் கார்ட்டோசாட் தரவிலிருந்து செய்து புவன் தளத்தில் வைத்திருப்பது, ஐரோப்பியர்களின் கோப்பர்நிகஸ், எல்லாமே 30 மீட்டர் கட்டத்தில், அதாவது 30-க்கு 30 மீட்டர் சதுரத்துக்கு ஓர் உயரம் என்ற கணக்கில், இலவசம். நொய்யல் படுகை முழுவதையும், அதாவது 3,500 சதுர கிலோமீட்டரையும், எங்கிருந்து தண்ணீர் எங்கே சேர்கிறது என்று பிரித்துப் பார்க்க இவை தாராளம்.

ஒரு தெருவில் எவ்வளவு ஆழம் நிற்கும் என்று சொல்ல இவை போதாது. காரணத்தை நம்ம ஊர்க் கண்ணாலேயே பாருங்கள். பேரூர்ப் பக்கம் நொய்யல் கரை நெடுக தென்னந்தோப்பு. செயற்கைக்கோள் தரவில் மர உயரமும் ஓரளவு தரை உயரமாகப் பதிவாகிவிடுவதால், ஆற்றங்கரையில் திடீரென்று ஐந்தாறு மீட்டர் மேடு நிற்கும். மாடல் அதைக் கரை என்று நம்பி தண்ணீரை வெளியே விடாது. ஊருக்குள் வந்தால் அடுக்குமாடிக் கட்டடம் மலையாகிவிடும். மேம்பாலமும் ரயில் பாதையும் அணைக்கட்டாகிவிடும். அதன் அடியில் தண்ணீர் போகிற சிறுபாலம், அதாவது கல்வெர்ட், இருக்கிறது என்று மாடலுக்கு எப்படித் தெரியும்? ஆறு மீட்டர் அகலப் பள்ளம் 30 மீட்டர் கட்டத்தில் தெரியவே தெரியாது. மரத்தையும் கட்டடத்தையும் கழித்துத் தருகிற திருத்தப்பட்ட தரவுகளும் வந்திருக்கின்றன, அவை எவ்வளவோ மேல். ஆனால் பள்ளத்தின் அகலத்தையும் ஆழத்தையும் கையால் அளந்து உள்ளே செதுக்கித்தான் ஆக வேண்டும்.

ட்ரோன் பறக்கவிட்டால் சென்டிமீட்டர் அளவில் கிடைக்கும். சரி, ஆனால் கோவையில் பீளமேடு விமான நிலையம், சூலூர் விமானப்படைத் தளம் இரண்டும் இருப்பதால் அனுமதி இல்லாமல் ட்ரோன் எடுக்க முடியாத பகுதி நிறைய. முதலில் அதைப் பார்த்துவிட்டு ட்ரோன்காரரிடம் விலை பேசுங்கள்.

என் ஜிபிஎஸ் கருவி கோவையின் உயரம் 320 மீட்டருக்குள் என்கிறது, வரைபடம் 400க்கு மேல் என்கிறது. எது சரி?

இரண்டும் சரி. ஜிபிஎஸ் நேரடியாகத் தருவது பூமியின் கணித வடிவத்திலிருந்து அளந்த உயரம். வரைபடத்தில் இருப்பது கடல் மட்டத்திலிருந்து அளந்த உயரம். நம் பகுதியில் இரண்டுக்கும் 90 மீட்டருக்கு மேல் வித்தியாசம். ஆற்றின் குறுக்குவெட்டை ஒன்றிலும் ஊர்த் தரையை இன்னொன்றிலும் வைத்து மாடல் ஓட்டினால், ஒன்று கோவை முழுக்க மூழ்கும் அல்லது ஆறு பாதாளத்தில் ஓடும். அந்த அளவுப் பிசகு என்றால் கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாமல் ஏமாற்றுவது ஓரிரு மீட்டர் பிசகுதான். எல்லாத் தரவையும் ஒரே அடிமட்டத்துக்குக் கொண்டுவருவதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

எந்த மென்பொருள்?

கியூஜிஐஎஸ், ஹெக்-ஹெச்எம்எஸ், ஹெக்-ராஸ். மூன்றும் இலவசம். முதலாவது வரைபடத்துக்கு, இரண்டாவது மழையை ஓட்டமாக மாற்ற, மூன்றாவது அந்த ஓட்டத்தை ஆற்றிலும் தெருவிலும் விட்டுப் பார்க்க. பின்னிரண்டும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு செய்து தருபவை. ஊருக்குள் மழைநீர் வடிகால் குழாய்களையும் சேர்க்க வேண்டுமென்றால் எஸ்டபிள்யூஎம்எம் இருக்கிறது, அதுவும் இலவசம்தான். எந்த மென்பொருள் என்று ஒரு மாதம் யோசிக்கிற நேரத்தில் நாலு கல்வெர்ட்டை அளந்துவிடலாம்.

பள்ளத்தைத் தூர்வாரினால் நிஜமாகவே வித்தியாசம் வருமா, அல்லது கான்ட்ராக்ட் விடுவதற்காகச் சொல்வதா?

கான்ட்ராக்ட் கதை எனக்கு வேண்டாம், கணக்கைச் சொல்கிறேன். ஆறு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழம், 500 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு. இப்படி ஒரு பள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீர் ஓடுகிற குறுக்குப் பரப்பு 12 சதுர மீட்டர். வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகும் என்று கணக்கிடுகிற மேனிங் சூத்திரத்தில் உராய்வுக்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். செடிகொடி இல்லாத சுத்தமான மண் வாய்க்காலுக்கு 0.03 போடலாம். சம்பும் ஆகாயத்தாமரையும் சீமைக்கருவேலமும் மண்டி, நடுவில் பழைய மெத்தை ஒன்று கிடந்தால் 0.07 என்று வையுங்கள். முதல் நிலையில் கரை தட்ட வினாடிக்கு 20 கன மீட்டர் போகும். இரண்டாவதில் 8.7 தான். பள்ளத்தின் அகலத்தில் ஓர் அடிகூடக் குறையவில்லை, போகிற தண்ணீர் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

இனி வருகிற தண்ணீரைப் பார்ப்போம். ஒரு சதுர கிலோமீட்டர், மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை. தோட்டமும் காடுமாக இருந்தபோது பத்தில் மூன்று பங்கு ஓடி வரும் என்று வைத்தால் வினாடிக்கு 4 கன மீட்டர். அதே இடம் வீடும் சிமெண்ட் ரோடுமாக மாறி பத்தில் எட்டுப் பங்கு ஓடி வந்தால் 11 கன மீட்டர். அதாவது தோட்டமாக இருந்தபோது குப்பை நிறைந்த பள்ளமே தாங்கியது. ஊராக மாறிய பிறகு சுத்தமான பள்ளம் மட்டும்தான் தாங்கும், அதுவும் இரண்டு சதுர கிலோமீட்டர் வந்து சேர்ந்தால் அதுவும் தாங்காது. ‘எங்க தாத்தா காலத்துலருந்து இங்க தண்ணி வந்ததே இல்லீங்க’ என்பவர் பொய் சொல்லவில்லை. அவருடைய தாத்தா காலத்தில் மேலே தோட்டம் இருந்தது.

இத்தோடு ஒரு விஷயம். வழியில் இருக்கிற ஒரே ஒரு குறுகலான கல்வெர்ட் மொத்தக் கணக்கையும் கவிழ்த்துவிடும். மேலேயும் கீழேயும் ஆறு மீட்டர், நடுவில் யாரோ ரோட்டைக் கடக்க இரண்டு குழாய் பதித்து மூடியிருப்பார்கள். பள்ளத்தின் கொள்ளளவு அந்த இரண்டு குழாயின் கொள்ளளவுதான். நான் பார்த்த அளவில் ஊர்ப்பக்க வெள்ளத்தில் பெரும்பாலானவை ஏதோ ஒரு கல்வெர்ட்டுக்கு மேல்பக்கம்தான் தொடங்குகின்றன.

குளங்களை மாடலில் எப்படி வைப்பது?

குளத்தை நீல நிறத்தில் தீட்டிவிட்டு நகர்ந்து போகிறவர்கள்தான் அதிகம். நொய்யல் குளங்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல. அணைக்கட்டில் பிரிகிற வாய்க்கால் ஒரு குளத்தை நிரப்பி, அது நிறைந்ததும் உபரி நீர் வழிகிற கலிங்கு வழியாக அடுத்ததற்குப் போய், மிஞ்சியது மறுபடி ஆற்றுக்கு வருகிற சங்கிலி. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க் குளம் எல்லாம் இந்த ஏற்பாட்டில் அடங்கியவை. கோவையின் வெள்ளத்தைத் தணிக்கிற பெரிய சாதனம் இதுதான், அதைக் கட்டியவர்கள் பாசனத்துக்காகத்தான் கட்டினார்கள் என்றாலும்.

எண்ணாகச் சொன்னால்: 300 ஏக்கர் குளத்தில் ஒரு மீட்டர் ஆழம் காலியாக இருந்தால் சுமார் 12 லட்சம் கன மீட்டர் இடம் இருக்கிறது. மேலே சொன்ன பள்ளம் கரை தட்ட ஓடி வினாடிக்கு 20 கன மீட்டர் கொண்டுவந்தாலும் நிரம்புவதற்கு 16, 17 மணி நேரம் ஆகும். அதற்குள் மழை நின்றிருக்கும். ஆனால் மழைக்கு முன்பே குளம் தளும்பி நின்றால் இந்த இடம் பூஜ்யம். கோவைக் குளங்கள் பலவற்றில் கழிவுநீர் வருஷம் பூராவும் நிரம்பி நிற்பதால், கோடையிலும் அவை காலியாவதில்லை. குளம் பார்க்க அழகாக நிறைந்திருக்கிறது என்று சந்தோஷப்படுகிறோம், வெள்ளக் கணக்கில் அது இல்லாத குளம்.

மாடலுக்கு வேண்டியது மூன்று: கலிங்கின் உயரம், மதகு எத்தனை, எந்த அளவு, மழைக்கு முன் நீர்மட்டம். செயற்கைக்கோள் உயரத் தரவில் குளத்தின் அடிப்பகுதி வராது, படம் எடுத்த அன்றைக்கு இருந்த நீர்ப்பரப்பு மட்டும்தான் வரும். ஆழக் கணக்கை நீர்வளத்துறைப் பதிவேட்டிலிருந்து வாங்குங்கள் அல்லது கயிறும் குண்டும் கட்டிப் பரிசலில் போய் அளந்து எடுங்கள். வண்டல் படிந்த பிறகு பழைய பதிவேட்டுக் கொள்ளளவை அப்படியே நம்பவும் கூடாது.

‘100 ஆண்டு வெள்ளம்’ போன வருஷம்தான் வந்தது. இனி 99 வருஷம் கவலை இல்லையா?

அப்படி இல்லை. எந்த வருஷத்திலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உள்ள வெள்ளம் என்பதுதான் பொருள். அடுத்த வருஷமும் அதே ஒரு பங்கு. 20 வருஷ வீட்டுக் கடன் எடுத்திருந்தால், கடன் முடிவதற்குள் அந்த வெள்ளத்தைப் பார்க்க 18 சதவீத வாய்ப்பு. 25 ஆண்டு வெள்ளம் என்றால் 56 சதவீதம், பாதிக்கும் மேல். மனை வாங்குகிறவர்கள் 100 ஆண்டுப் படத்தைவிட 25 ஆண்டுப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

என் ஆய்வேட்டில் சரிவு, மழை, மண், நிலப்பயன்பாடு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டி வரைபடம் எடுத்திருக்கிறேன். போதுமா?

ஏஹெச்பி என்கிற முறை. பட்டம் வாங்கப் போதும். ஊருக்குக் கொடுக்கப் போதாது என்பது என் அபிப்பிராயம், கோபித்துக்கொள்ள வேண்டாம். சரிவுக்கு 20, மழைக்கு 30 என்று எண் கொடுப்பது நீங்களும் உங்கள் வழிகாட்டியும்தான், தண்ணீர் அல்ல. கோவை அளவு ஊரில் இரண்டு மூன்று மழைமானிகளை வைத்து இடைக்கணிப்பு செய்து ‘மழை அடுக்கு’ என்று போட்டால், அது மழைமானி இருக்கிற இடத்தைத்தான் காட்டும். முடிவில் வருகிற படத்தில் ஆழம் இல்லை, நேரம் இல்லை. ‘மிக அதிக அபாயம்’ என்று சிவப்பு இருக்கும், அவ்வளவுதான். படுகை முழுவதையும் பார்த்து எங்கே மாடல் போட வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதற்கு முதல் சல்லடையாக வேண்டுமானால் பயன்படுத்துங்கள். அதைவிட எளிதான ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு இடமும் பக்கத்துப் பள்ளத்தின் தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று மட்டும் கணக்கிட்டுப் படம் போடுவது. மதிப்பெண் எதுவும் வேண்டாம், சரிபார்க்கவும் எளிது.

ஏஐ போட்டுச் செய்ய முடியாதா?

செய்கிறார்கள். வெள்ளம் வந்த இடங்களின் பட்டியல் சரியாக இருந்தால் நன்றாகவே வரும். நம்மிடம் அந்தப் பட்டியல்தான் இல்லை.

செயற்கைக்கோள் படத்தில் வெள்ளம் நேரடியாகத் தெரியுமே?

காவிரிக்குத் தெரியும். சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும், தண்ணீர் கருப்பாக விழும், படம் இலவசம். காவிரி நாள் கணக்கில் பெருகி நிற்பதால் செயற்கைக்கோள் கடக்கிற நாளில் சிக்க வாய்ப்புண்டு. ஒரு செயற்கைக்கோள் அதே இடத்துக்குத் திரும்ப வர 12 நாள் ஆகும். ராத்திரி வந்து விடிவதற்குள் போகிற சங்கனூர்ப் பள்ள வெள்ளம் அதில் எப்படி விழும்? நெருக்கமான தெருக்களில் சுவர்களில் பட்டுத் திரும்புகிற அலை வெளிச்சமாகத் தெரிவதால் அங்கே நிற்கிற தண்ணீர் மறைந்தும் போகும்.

அப்படியானால் மாடல் சரியா என்று எதை வைத்துச் சரிபார்ப்பது?

சுவரை வைத்து. வெள்ளம் வடிந்ததும் சுண்ணாம்புச் சுவரில் பழுப்பு நிறக் கோடு இருக்கும், கேட்டின் கம்பியில் நூலும் பிளாஸ்டிக்கும் ஒரே உயரத்தில் சிக்கி நிற்கும், இபி மீட்டர்ப் பெட்டிக்குள் மண் இருக்கும். ஒரு வாரத்துக்குள் போனால் கிடைக்கும், தீபாவளிக்கு வெள்ளை அடித்த பிறகு போனால் கிடைக்காது. ரோட்டிலிருந்து கோடு வரை டேப்பால் அளந்து, டேப் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்கிற விதமும் முக்கியம். ‘ஏனுங்க, வெள்ளம் வந்துச்சுங்களா?’ என்று கேட்டால் ‘ஆமாங்க, பயங்கரமா வந்துச்சுங்க’ என்பதோடு முடிந்துவிடும். ‘தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்துச்சுங்க, எத்தனை மணி இருக்கும், எந்தப் பக்கத்துலருந்து வந்துச்சுங்க?’ என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விதான் தங்கம். ஆற்றுப் பக்கமிருந்து வந்ததா, சாக்கடை மேல்நோக்கித் தள்ளி வந்ததா, ரோட்டு வழியாக இறங்கி வந்ததா என்பது எந்த மாடல் பொருந்தும் என்று சொல்லிவிடும். வீட்டில் இருக்கிற அம்மாக்களைக் கேளுங்கள், சமையலறையில் எந்தத் தட்டு வரை நனைந்தது என்பது அவர்களுக்குத்தான் சரியாக நினைவிருக்கும்.

கோவையில் லங்கா கார்னர், அவினாசி ரோடு மேம்பாலம் அடியில் தண்ணீர் நிற்பதும் இதில் வருமா?

அது ஆற்று வெள்ளம் அல்ல, குழியில் தேங்குவது. ரயில் பாதைக்கு அடியில் ரோட்டை இறக்கியிருக்கிறார்கள், தண்ணீர் இறங்கும், ஏறிப் போகாது. மோட்டாரின் திறனும், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் இருக்கிறதா என்பதும்தான் அங்கே கேள்வி. வரைபடத்தில் தனி அடையாளமாகக் குறித்துவிடுங்கள், ஆற்று மாடலோடு குழப்ப வேண்டாம்.

மனை வாங்கப் போகிறேன். எதைப் பார்ப்பது?

மாடல் வரும் வரை காத்திருக்க வேண்டாம். சர்வே எண்ணை வைத்து புலப்படமும் (நிலத்தின் எல்லைகளை வரைந்த படம்) அ-பதிவேடும் (நிலம் என்ன வகை என்று சொல்கிற வருவாய்த்துறைப் பதிவு) எடுங்கள், ஆன்லைனிலேயே கிடைக்கிறது. பக்கத்தில் ‘ஓடை புறம்போக்கு’, ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று இருந்தால் அது தரையில் எங்கே ஓடுகிறது என்று போய்ப் பாருங்கள். புலப்படத்தில் ஓடை இருந்து தரையில் ரோடு இருந்தால் உஷாராகுங்கள். தண்ணீர் பட்டா பார்த்து வழி மாறாது, அந்த ரோட்டிலேயே ஓடும். கூகுள் எர்த்தில் பழைய வருஷப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள், பச்சையாக ஒரு கோடு மனையின் ஊடே போகிறதா என்று தெரியும்.

அதே தெருவில் இருக்கிற பழைய வீடுகளுக்கு எத்தனை படி என்று எண்ணுங்கள். எல்லா வீட்டுக்கும் நான்கைந்து படி வைத்துத் தூக்கிக் கட்டியிருந்தால் காரணம் இல்லாமல் இருக்காது. புரோக்கரைக் கேட்காதீர்கள், ‘ஒரு சொட்டு நிக்காதுங்க’ என்பார். மூலையில் மளிகைக் கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள், மூட்டைகளை எத்தனை அடி உயரத்தில் அடுக்கியிருக்கிறார் என்றும் பாருங்கள்.

இப்படிப் படம் வெளியிட்டால் எங்கள் ஏரியாவில் இட விலை விழுந்துவிடாதா?

சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறத்தில் வெளியிட்டால் விழும், அந்தப் பயம் நியாயம்தான். வார்டு முழுக்க சிவப்பு என்று செய்தியில் வந்தால் அங்கே இருக்கிற மேட்டு வீட்டுக்கும் கெட்ட பெயர். அதனால்தான் ஆழமாகக் கொடுங்கள் என்கிறேன். ‘இந்தத் தெருவில் 25 ஆண்டு வெள்ளத்துக்கு ஒன்றரை அடி’ என்று இருந்தால் வீடு கட்டுகிறவர் தரைமட்டத்தை இரண்டரை அடி தூக்குவார், மீட்டர்ப் பெட்டியை மேலே வைப்பார், பனியன் கம்பெனிக்காரர் துணி ரோல்களை மாடிக்கு மாற்றுவார். ஆறு அடி என்று வருகிற இடங்கள் மிகக் குறைவாகத்தான் இருக்கும், அங்கே வீடு கூடாது என்பதை யாரும் மறுக்க முடியாது.

எங்கள் வார்டுக்கு நாங்களே தொடங்கலாமா?

தாராளமாக. மாடல் பிறகு ஓட்டிக்கொள்ளலாம், அளவுகள் முதலில் சேரட்டும். வார்டுக்குள் வருகிற பள்ளத்தை மேலிருந்து கீழே நடந்து போங்கள், செருப்பு வேண்டாம், பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், கண்ணாடித் துண்டுகள் கிடக்கும். ஒவ்வொரு கல்வெர்ட்டிலும் அகலம், உயரம், எத்தனை கண், அடியில் எவ்வளவு மண் படிந்திருக்கிறது, குறுக்கே குடிநீர்க் குழாய் ஏதும் போகிறதா என்று எழுதி, இரு பக்கமும் போட்டோ எடுங்கள். குறுக்கே போகிற அந்தக் குழாயில்தான் குப்பை முதலில் சிக்கும், அதை எழுத எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பள்ளத்தின் அகலத்தை நூறு மீட்டருக்கு ஒரு முறையும், திடீரென்று குறுகுகிற இடத்தில் கட்டாயமும் அளந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரு எக்செல் தாளில், இட அமைவோடு போட்டால் போதும், பக்கத்துக் கல்லூரி சிவில் துறைப் பிள்ளைகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் ஒரு புராஜெக்ட் ஆச்சு. இந்த வேலைக்கு ஆகஸ்ட், செப்டம்பர் தோது. அக்டோபர் பிறந்துவிட்டால் பள்ளத்துக்குள் இறங்க வேண்டாம்.